அரண்மனை வாளில் ஒரு பொட்டு

செவ்வாய்க்கிழமை காலை ஜெராம் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். என்னோடு வேலை பார்த்த செல்லையா அண்ணன் தவறிவிட்டார் என்று அவருடைய மகள் வாட்சாப்பில் அனுப்பியிருந்தாள். மீனை அங்கேயே விட்டுவிட்டுக் கோலசிலாங்கூருக்கு வண்டியைத் திருப்பினேன்.

அண்ணன் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். பழைய அரண்மனை ஒன்றைக் காட்சிக்கூடமாக மாற்றியபோது துப்புரவு வேலைக்குச் சேர்ந்து, அரும்பொருள்களைத் துடைத்துப் பாதுகாக்கும் பொறுப்புக்கு உயர்ந்தார். எந்த வெள்ளி வெற்றிலைப் பெட்டி எந்த அரசர் திருமணத்துக்கு வந்தது, எந்த ஓவியத்தில் அரசியாரின் மோதிரத்தை மறந்துவிட்டுப் பிறகு வரைந்தார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தோட்டத்து மக்கள் பேருந்தில் வந்து இறங்கிவிட்டால் அண்ணனுக்குக் கால் தரையில் பாவாது. "ராஜா ஆண்டாரு, நாம தூசி தட்டுறோம். ரெண்டும் சேந்துதான்லா அரண்மனை," என்பார்.

நான் அங்கே தற்காலிக வேலையில் சேர்ந்த மூன்றாம் மாதம் ஆயுத பூசை வந்தது. எங்கள் தோட்டத்து லய வீடுகளில் பால்வெட்டுக் கத்தி முதல் லோரி வரை எதையும் பொட்டு வைக்காமல் விடமாட்டோம். அன்று ஆயுத அறையைத் துடைக்கும் வேலையை அண்ணன் என்னிடம் விட்டிருந்தார். பழக்க தோஷம், அரச வாளின் அலகில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டேன். புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ தெரியவில்லை. மறுநாள் பார்த்தால், ஈரச் சந்தனம் பட்ட இடத்தில் கறை.

வைத்தது யார் என்று மேலதிகாரி கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அண்ணன் முன்னால் வந்து, தாம்தான் என்றார். அதன்பிறகும் நான் வாய் திறக்கவில்லை.

அண்ணனை வாசல் காவலுக்கு மாற்றினார்கள். ஓய்வுபெறும் வரை அரும்பொருள்கள் பக்கமே விடவில்லை. அழுதுகொண்டே போய் அவர்முன் நின்றேன்.

"ஒன்னைய வேலைய விட்டு எடுத்துட்டா திரும்பச் சேக்க மாட்டாங்க, தங்கச்சி. என்னைய வாசல்லதான போடுவாங்க. அதுவும் அரண்மனைதான்."

அப்படிச் சொன்னவர்தான், மாலையில் பார்வையாளர்கள் போனபின் கண்ணாடிக் கதவு வழியே உள்ளே பார்த்துக்கொண்டு நிற்பார். அதைக் கண்ட நாள்களிலும் நான் உண்மையைச் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். இன்றும் வெட்கமாக இருக்கிறது.

வீட்டில் அண்ணி அண்ணனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். "ராஜா வாளுல பொட்டு வச்சிட்டு வாசலுக்குப் போன மனுசன், அதுக்காக நான் திட்டாத நாளில்ல," என்று வந்தவர்களிடம் சொல்லிச் சொல்லி அழுதார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணி, அந்தப் பொட்ட வச்சது நான்."

அண்ணி அண்ணன் பக்கம் குனிந்து நெற்றியைத் தடவினார்.

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்லங்க," என்றார்.

நிம்மதியாகப் போங்கள், அண்ணே. அண்ணி இனி உங்களைத் திட்டமாட்டார்.