மில் முதலாளியின் சிவப்புக் கார்

மில் முதலாளியிடம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. இரண்டே இருக்கைகள், கூரைக்குப் பதிலாக மடித்து வைக்கும் கன்வஸ், தரையோடு தரையாகப் பதிந்த உடம்பு, கருஞ்சிவப்பு நிறம். கொழும்பில் வேலை பார்த்த காலத்தில் ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கியதாகச் சொல்வார். யுத்தத் தடையால் கிளிநொச்சிக்குப் பெற்றோல் வராமல் போன பிறகு ஊரில் மிஞ்சிய கார்களெல்லாம் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடின. இந்தக் காருக்கு மட்டும் மண்ணெண்ணெயைக் காட்ட அவர் விடவில்லை. நெல் மில்லின் பின்பக்கக் கொட்டகையில், படங்குத் துணி மூடி, அது சும்மா நின்றது.

நான் அந்த மில்லில் உழவு இயந்திரம் ஓட்டினேன். இயந்திரங்கள் பழுதானால் திருத்தவும் செய்வேன். கிழமைக்கு ஒரு தடவை காரைத் துடைத்து, ரயர் ஒரே இடத்தில் அமுங்காதபடி கொஞ்சம் தள்ளி வைப்பதும் என் வேலைதான். என் பெற்றோர் கலவரத்துக்குப் பயந்து தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தவர்கள். அதை வைத்து ஊரில் சிலர் எங்களை முகத்துக்கு நேரே ஒரு மாதிரிப் பேசுவார்கள். முதலாளி அப்படி ஒருநாளும் பேசியதில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் என்னைக் காட்டி, "இவன் எங்கட வீட்டுப் பிள்ளை" என்பார். என் மனைவிக்குப் பிரசவ வலி கண்டபோது மில் லொறியையே ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தவர். அவருக்காக எதையும் செய்யலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

தொண்ணூற்றாறில் சண்டை கிளிநொச்சிக்கு வந்தது. பரந்தன் பக்கம் விழுந்துகொண்டிருந்த ஷெல்கள் ஒரு நாள் விடியற்காலையில் எங்கள் பக்கமும் விழத் தொடங்கின. ஊரே எழும்பி நடக்கத் தொடங்கியது. நான் மில்லுக்கு ஓடினேன். முதலாளி கார்க் கொட்டகையின் வாசலில் நின்றார்.

"கார்தான் முதல் போகவேணும். விசுவமடுவிலை தங்கச்சி வீட்டிலை கொண்டுபோய் இறக்கு. நீ கட்டினால்தான் எனக்கு நம்பிக்கை."

"வீட்டுல அவளும் புள்ளையும் தனியா இருக்காங்க ஐயா. அவங்கள மொதல்ல..."

"நான் ஒருத்தன் இருக்கிறன் எல்லோ? பின்னாலை லொறி வருது. உன்ரை மனிசியையும் பிள்ளையையும் நான் ஏத்திக்கொண்டு வாறன். படலையடியிலை வந்து நிக்கச் சொல்லு."

எங்கள் வீடு அரைக் கட்டை, அதாவது அரை மைல் தூரத்தில், லொறி போகிற அதே வீதியில் இருந்தது. சைக்கிளில் ஓடிப்போய், வேலிப் படலையைத் திறந்து, மனைவியிடம் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். "நீங்களே வந்து கூட்டிட்டுப் போகக்கூடாதா?" என்றாள். ஐயா சொன்னால் சொன்னதுதான் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

மூட்டை ஏற்றும் மேடைக்கு முன்னால் உழவு இயந்திரத்தை நிறுத்தி, பின்னால் கொளுவியிருந்த திறந்த இழுவைப் பெட்டியை மேடையோடு ஒட்ட வைத்தோம். நடுவில் தடித்த பலகைகளைப் போட்டு, நாலு பேர் சேர்ந்து காரைத் தள்ளி ஏற்றினோம். மூக்கு முன்பக்கம் பார்க்க வைத்தேன். பாரம் பின்னுக்கு விழுந்தால் கொளுவுகிற கொக்கி மேலே எழும்பி, பெட்டி பாம்பு மாதிரி ஆடத் தொடங்கும். கியரில் போட்டு, கைப்பிரேக்கை இழுத்து, நான்கு சில்லுகளுக்கும் முன்னும் பின்னும் மரக்கட்டை வைத்துப் பலகையோடு ஆணி அடித்தேன். கயிற்றைப் பம்பரில் கட்டக்கூடாது. காரின் உடம்பிலும் கட்டக்கூடாது. குழியில் விழுந்து எழும்பும்போது காரின் ஸ்பிரிங் வில்லுகள் அமுங்கும்; அந்த நேரம் கயிறு தளர்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு சில்லையும் தனித்தனியாகப் பெட்டியோடு இறுக்கினேன். கயிறு உரசுகிற இடமெல்லாம் சாக்கு மடித்து வைத்தேன். ஷெல் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஒரு முடிச்சையும் நான் அவசரப்பட்டுப் போடவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் கோபம் வரும்.

புறப்படும்போது முதலாளி அருகில் வந்து சொன்னார்: "வழியிலை ஒருத்தரையும் ஏத்தாதை. ஒருத்தரை ஏத்தினால் எல்லாரும் ஏறுவினம்."

எங்கள் படலையைக் கடந்தபோதும், பின்னால் லொறி வருகிறதே என்று நான் நிறுத்தவில்லை. ஒரு கட்டை தூரம் போனதும் நிறுத்தி, கயிறுகளைத் தட்டிப் பார்த்து, தளர்ந்த ஒன்றை இறுக்கினேன். வட்டக்கச்சி தாண்டினால் வீதி முழுக்கச் சனம். மாட்டு வண்டி, சைக்கிள், தலையில் மூட்டை. அந்தக் கூட்டத்துக்கு நடுவே, இரண்டு வெறும் இருக்கைகளோடு, ஒரு சிவப்புக் காரை நான் ஊர்வலம் போல இழுத்துக்கொண்டு போனேன். சிலர் சிரித்தார்கள். ஒரு மனிதர் மனைவியைச் சைக்கிள் கரியரில் இருத்தி உருட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மாவின் கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன.

"அண்ணை, இவாவை மட்டும் அந்தக் கார் சீற்றிலை இருத்திவிடுங்கோ. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"ஒருத்தர ஏத்தினா எல்லாரும் ஏறுவாங்க" என்றேன்.

அவர் காரின் இருக்கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அம்மாதான், "வாங்கோ, போவம்" என்று கணவரைக் கூப்பிட்டார்.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் விசுவமடுவுக்குப் போய்ச் சேர்ந்தேன். கார் ஒரு கீறல் இல்லாமல் வந்திருந்தது. முதலாளியின் தங்கை அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு எனக்குத் தேத்தண்ணி தந்தார். குடித்துவிட்டு வாசலில் நின்றேன்.

இரண்டு மணி போல லொறி வந்தது. முன்னால் சாரதியும் முதலாளியும் அவருடைய மனைவியும் இருந்தார்கள். பின்னால் தேக்கு அலுமாரி, கதிரைகள், கட்டில், ஆறு வருடமாகக் கரண்ட் காணாத குளிர்சாதனப் பெட்டி. அதன்மேல் அவர்களுடைய நாய் படுத்திருந்தது. நான் லொறியின் பின்பக்கம் ஏறி அலுமாரிக்குப் பின்னாலும் பார்த்தேன்.

"ஐயா, அவங்க எங்க?"

அவர் காரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இடமில்லாமல் போச்சு. அவை உங்கட சனத்தோடை வந்திடுவினம். நீ பயப்பிடாதை." பிறகு காரின் கதவைத் தடவி, "நல்லாய்க் கொண்டுவந்திருக்கிறாய்" என்றார்.

சைக்கிள் ஒன்றை இரவலாக வாங்கிக்கொண்டு வந்த வழியே திரும்பினேன். எல்லோரும் ஒரு பக்கம் வர, நான் மட்டும் எதிர்ப்பக்கம் போனேன். ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் பார்த்து மிதித்தேன். தருமபுரத்தில் ஒரு பள்ளிக்கூட மதிலோரம், வேப்ப மர நிழலில், அவர்களைக் கண்டேன். ஆறு வயது மகள் தாயின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். செருப்பு அறுந்து, பாதம் முழுக்கக் கொப்புளம். பக்கத்தில் ஒரே ஒரு துணிப்பை. மனைவி தைத்துச் சம்பாதித்த தையல் மெசினைக் காணவில்லை.

"படலையடியிலதான் நின்னோம்" என்றாள் அவள். "மெசினக்கூடத் தூக்கிக்கிட்டு வந்து வச்சிருந்தேன். லொறி வந்திச்சி. கையக் காட்டினேன். நிக்கல."

"கண்டிருக்க மாட்டாரு."

"கண்டாரு. இந்தா, இவ்வளவு தூரந்தான். புள்ளையத் தூக்கிக் காட்டினேன். என்னயப் பாத்திட்டு மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாரு."

நான் இன்னொரு தடவையும், "அவசரத்தில..." என்று தொடங்கினேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகு மகளைச் சைக்கிளில் வைத்து உருட்டிக்கொண்டு நடந்தோம். கரியரைப் பிடித்தபடி, வீங்கிய கால்களோடு இருந்த அந்த அம்மாவை நினைத்துக்கொண்டே வந்தேன். மனைவியிடம் அதைச் சொல்லப் பல வருடம் எனக்குத் துணிவு வரவில்லை.

விசுவமடுவுக்கு அப்பால் காட்டோரம் தறப்பாள் கட்டிக் குடியிருந்தோம். நான் தோட்டங்களில் கூலிக்குப் போனேன். முதலாளியிடம் திரும்பிப் போகவில்லை. மாரி மழை தொடங்கிய பிறகு ஒரு நாள் அவரே சைக்கிளில் எங்கள் குடிலைத் தேடி வந்தார். இங்கேயும் பயமாக இருக்கிறது, முள்ளியவளைக்கு மாறப்போகிறோம் என்றார்.

"காரை ஏத்தவேணும். வேறை ஒருத்தரையும் நம்ப ஏலாது. நாளைக்கு வா."

பதினொரு வருடம் அவர் முன்னால் குனிந்தே பழகிய நான் அன்றைக்குத்தான் நிமிர்ந்து கேட்டேன்.

"ஏன் ஐயா அன்னைக்கி லொறிய நிப்பாட்டல?"

அவர் கோபப்படவில்லை. எனக்குக் கணக்குப் பாடம் விளங்கப்படுத்துகிறவர் போல அமைதியாகச் சொன்னார்: "நிப்பாட்டியிருந்தால் றோட்டிலை நிண்ட எல்லாரும் ஏறியிருப்பினம். பிறகு அலுமாரியை எல்லே இறக்கவேணும்? நீங்கள் எண்டால் நடந்து பழகின ஆக்கள்தானே. அதுதான் யோசிச்சனான்."

வீட்டுப் பிள்ளை என்று அவர் சொன்ன வார்த்தைக்கு எவ்வளவு இடம் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. முகத்தைத் திருப்பியது அவசரத்தால் அல்ல. யோசித்துத்தான் செய்திருக்கிறார். இந்த விளக்கத்தைச் சொன்னால் நான் தலையாட்டுவேன் என்றும் நினைத்துத்தான் வந்திருக்கிறார்.

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "அவருக்கு நாளைக்கு வேலை இருக்குங்க ஐயா."

அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.

இரண்டு நாள் கழித்து அந்தக் கார் எங்கள் வீதியால் போனது. வேறொருவரின் உழவு இயந்திரம். கயிற்றைப் பம்பரில் கட்டியிருந்தார்கள். கார் பெட்டியின் பின்பக்கமாக நழுவி, பின் சில்லு விளிம்புக்கு வந்திருந்தது. அதற்குச் சரி பின்னால் ஒரு பெண்ணும் இரண்டு பிள்ளைகளும் குடை பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

நான் வீதியில் இறங்கிக் கையைக் காட்டினேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க சாரதி நிறுத்தினார். முதலாளி கூட வரவில்லை. நானும் சாரதியும் காரை முன்னுக்குத் தள்ளினோம். கட்டை வைத்தேன். பம்பர்க் கயிற்றை அவிழ்த்துச் சில்லுகளை ஒவ்வொன்றாக இறுக்கினேன். மழைத் தூறலில் அரை மணித்தியாலம் பிடித்தது. மனைவி குடில் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணை, முதலும் இந்தக் காரைக் கட்டியிருக்கிறியளோ?" என்று சாரதி கேட்டார்.

"ஒரு தடவ" என்றேன்.

உழவு இயந்திரம் போனது. குடிலுக்குத் திரும்பியபோது மனைவி தலை துவட்டத் துவாயை நீட்டினாள். "அவருக்காகவா கட்டினீங்க?"

"பின்னால புள்ளைங்க நடந்து வந்திச்சிங்க" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.