பெரியவர் முதலில்

மார்கழி ஒன்பது, காலை ஆறு நாற்பது. முண்டந்துறைக் காட்டில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத மூடுபனி. நாங்கள் ஐந்து பேர், முன்னால் வழிகாட்டி. ஒல்லியான மனிதர், நரைத்த மீசை. நாலெட்டுக்கு ஒருமுறை நின்று, மூக்கை உயர்த்திக் காற்றை மோந்து பார்த்துவிட்டுத்தான் மேலே நடப்பார்.

ஓடைத் திருப்பத்தில் மோந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "அசையாதீங்க. பெரியவரு மொதல்ல போகட்டும்" என்று கிசுகிசுத்தார்.

வேனில் உடன் வந்த நால்வரும் பாபநாசத்திலிருந்தே என்னைப் பெரியவர் என்றுதான் அழைத்தார்கள். வயதுக்கு மரியாதை போலும் என்று முன்னால் நடந்தேன். மூன்றாவது அடியில் வழிகாட்டி என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். கீழே விழுந்தேன். எதிரே மூங்கில் முறிந்தது. பனிக்குள்ளிருந்து முதலில் இரண்டு கொம்புகள் வந்தன, பிறகுதான் யானை. எங்களைப் பார்த்தபடி நின்றது. எத்தனை நொடி என்று எண்ணத் தொடங்கிய எனக்கு எண்ணிக்கை மறந்துபோனது. பிறகு அது ஓடையைக் கடந்து போயிற்று.

"உம்மையச் சொல்லல வே! அவரச் சொன்னேன்."

"யானைன்னு சொல்லியிருக்கலாம்லா?"

"காட்டுக்குள்ள பேரச் சொன்னா வந்துருவாரு, அண்ணாச்சி."

"சொல்லாமலே வந்தாரே!"

"சொல்லாததுனாலதான் போயிட்டாரு."

அவர் சிரிக்கவில்லை. நம்பிச் சொன்னாரா, என்னைக் கேலி செய்தாரா என்று இன்றும் தெரியவில்லை.

விழுந்ததில் உடைந்த மூக்குக்கண்ணாடியைத் திருநெல்வேலியில் நீட்டியபோது, எப்படி நொறுங்கியது என்று கடைக்காரர் கேட்டார். "பெரியவர் ஒருத்தருக்கு வழிவிட்டேன்" என்றேன், என்னை அறியாமல். ஆயிரத்து நூற்றைம்பது ரூபாய் ஆயிற்று.