மேல் விளிம்பை எட்டிய கை

இந்த நினைவு மலரைப் பெறும் உறவினர்களும் நண்பர்களும் எங்கள் அப்பாவைப் பெரும்பாலும் தலைப்பாகையோடுதான் பார்த்திருப்பீர்கள். மடிப்புக் கலையாத அந்தத் தலைப்பாகையைச் சுமார் ஆறு மாத காலம் அம்மாதான் கட்டிவிட்டார் என்பது வெளியே யாருக்கும் தெரியாது. அப்பா மறைந்து ஓராண்டு நிறையும் இந்த நாளில் அதை எழுதலாம் என்று அம்மா அனுமதி தந்திருக்கிறார்.

அப்பா தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்தவர். பத்து வயதில் தகப்பனாரை இழந்து, மாமா வீட்டில் தங்கிப் படித்தார். சென்னையில் வரைபடத் தொழில் கற்றுக்கொண்டு கல்கத்தாவுக்கு ரயிலேறியபோது அவருக்குத் தமிழும் ஆங்கிலமும் மட்டுமே தெரியும். ஹவுராவில் ஓர் இயந்திரத் தொழிற்சாலையின் டிராயிங் ஆபீஸில் சேர்ந்தார்; கடைசிவரை அங்கேயே இருந்தார். பவானிபூரிலிருந்து டிராமில் போய், ஆற்றின் மேல் மிதவைப் பாலத்தை நடந்தே கடப்பார். கப்பல்களுக்காகப் பாலத்தைத் திறக்கும் நாட்களை ஒரு தாளில் குறித்து வைத்திருப்பார். அன்று முன்னதாகவே கிளம்பிவிடுவார். எனக்குப் பட்டியல் போடும் பழக்கம் வந்தது அவரிடமிருந்துதான்.

பதினைந்து வயதில் நான் கணவரை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பினேன். உறவில் பலரும் பல யோசனைகள் சொன்னார்கள். அப்பா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பெண்கள் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் பயிற்சியில் சேர்த்தார். அதன் காரணமாக இரண்டு கல்யாணங்களுக்கு எங்களுக்கு அழைப்பு வரவில்லை. "நல்லதாப் போச்சு, ரெண்டு நாள் லீவு மிச்சம்" என்று சொன்னதோடு சரி. அந்த வீட்டாரைப் பற்றி அவர் ஒரு சொல் குறைவாகப் பேசி நான் கேட்டதில்லை.

பயிற்சியின் இரண்டாம் ஆண்டு. ஆஸ்பத்திரி விடுதியில் தங்கியிருந்த நான் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வீட்டுக்கு வருவேன். ஒரு ஞாயிறு சற்று முன்னதாகவே வந்துவிட்டேன். அப்பா முக்காலியில் உட்கார்ந்திருக்க, அம்மா பின்னால் நின்று அவருக்குக் குடுமி முடிந்துகொண்டிருந்தார்.

"என்னம்மா இது, புது வழக்கமா இருக்கு?"

"புதுசு ஒண்ணுமில்லே, மூணு மாசமாச்சு. அப்பாவுக்கு வலக்கை தூக்க வரல்லே. உங்கிட்டே சொல்லக்கூடாதுன்னு உத்தரவு" என்றார் அம்மா.

"தானே சரியாப் போயிடும்னு நெனச்சேன்" என்றார் அப்பா.

நான் பார்த்தவரை: கை முன்பக்கம் தோள் உயரம் வரை வந்தது, பக்கவாட்டில் அதுவும் இல்லை, முதுகுப் பக்கம் இடுப்பைத் தாண்டவில்லை. தோள் மூட்டு இறுகியிருந்தது. ஆபீஸில் அவருடைய வரைபலகை ஆளுயரம். கீழ்ப் பாதியைத் தரையில் நின்றும் மேல் பாதியை முக்காலி மேல் ஏறி நின்றும் வரைந்து வந்திருக்கிறார். மேலதிகாரி துரை அதைக் கவனித்துவிட்டார். மூன்று மாதம் தவணை. அதற்குள் தரையில் நின்றபடி பலகையின் மேல் விளிம்பில் கோடு போட முடியாவிட்டால் வேலை முடிந்தது.

வேலை போனால் குடும்பம் ஊர் திரும்ப வேண்டும். என் பயிற்சி பாதியில் நிற்கும். இது மூவருக்கும் தெரியும்.

எங்கள் ஆஸ்பத்திரி மேட்ரன் மருத்துவ உடற்பயிற்சி கற்றுத் தந்தவர். அவரிடம் கேட்டு வந்து எழுதிக் கொடுத்தேன். முதலாவது, முன்னால் குனிந்து, இடக்கையை முக்காலியில் ஊன்றி, வலக்கையில் தண்ணீர்ச் செம்பைத் தொங்கவிட்டு ஊசலாட்டுவது. இரண்டாவது, குடையை இரு கைகளாலும் படுக்கைவாட்டில் பிடித்து, நல்ல கையால் வலிக்கும் கையை மேலே தள்ளுவது. மூன்றாவது, சுவரைப் பார்த்து நின்று விரல்களால் மேலே மேலே ஏறுவது. எட்டிய இடத்தில் பென்சில் குறி போட வேண்டும்.

அப்பா தாளைப் படித்துவிட்டு, "வலிக்கும்கிறது லிஸ்டிலே விட்டுப்போச்சே" என்றார்.

"அது ஒவ்வொண்ணுலயும் இருக்குப்பா. தனியா எழுதலே."

அம்மா மூன்றாவதற்குப் பல்லி என்று பெயர் வைத்தார். "ஏன்னா, பல்லி ஏறியாச்சா? காப்பி ஆறிண்டிருக்கு" என்பதுதான் அந்த மூன்று மாதமும் எங்கள் வீட்டுச் சுப்ரபாதம்.

ஆறு வாரத்தில் குறி நெற்றி உயரத்துக்கு வந்து நின்றுவிட்டது. அப்போதுதான் வீட்டுக்காரம்மா, நாங்கள் மாசிமா என்று அழைப்பவர், அடுத்த சந்தில் அகாடா என்னும் மல்யுத்தக் கூடம் நடத்தும் உஸ்தாதை அழைத்து வந்தார். மல்யுத்தக்காரர்களின் மூட்டுகளைப் பார்த்துப் பழகிய கை. அவர் தினமும் காலையில் வந்து, கடுகெண்ணெயைச் சூடாகத் தேய்த்து, அப்பாவின் கையை மெல்ல மேலே நீட்டிப் பிடிப்பார். அதிகம் பேசமாட்டார். அப்பாவுக்கோ வங்காளம் அரைகுறை. இருவருக்கும் பொருந்திப் போயிற்று. குறியும் மறுபடி ஏறத் தொடங்கியது.

அவர் வரத் தொடங்கிய மூன்றாவது வாரம் ஒரு ஞாயிறன்று நான் கூட இருந்தேன். உஸ்தாத் கையை ஏற்றினார். அப்பாவின் முகம் சுருங்கியதும், "தாக், தாக்" என்றார். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு, கையை இறக்காமல் அப்படியே நின்றார். உஸ்தாத் மீண்டும், "தாக், பாபு, தாக்" என்றார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு இன்னும் அழுத்தி நின்றார். நெற்றியில் வியர்வை.

உஸ்தாத் என்னைப் பார்த்து வங்காளத்தில் சொன்னார்: "உன் அப்பா பெரிய பிடிவாதக்காரர், மா. போதும் போதும் என்கிறேன், விடமாட்டேன் என்கிறார். என் சீடப் பயல்களிடம் இவரைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. "அப்பா, தாக்னா என்னன்னு நெனச்சிண்டிருக்கேள்?"

"இருன்னு அர்த்தம். கொத்தாய் தாகோன்னா எங்கே இருக்கேன்னுதானே? அப்போ தாக்னா அப்படியே இருன்னுதானே?"

"தனியாச் சொன்னா போதும், விட்டுடுன்னு அர்த்தம்பா."

அப்பா கையை இறக்கினார். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது: "விடுன்னு சொன்னா இவர் எந்த பாஷையிலே விட்டிருக்கார்?"

உஸ்தாதுக்கு நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அவர் சுவரில் சாய்ந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இறுகிய மூட்டை அளவு மீறி நீட்டினால் மேலும் இறுகும் என்று படித்திருந்தேன். நீட்டிய பிறகு மறுநாள் காலை வரை வலி மிஞ்சுகிறதா என்று கேட்டேன். மத்தியானத்துக்குள் போய்விடுகிறது என்றார். இரவில் படுக்க முடிகிறதா? முடிகிறது. வீக்கம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன், இல்லை. ஆக, தெரியாமல் செய்தது கெடுதலாகவில்லை. ஆனாலும் கணக்கில்லாமல் நிற்பது இனி கூடாது என்றேன்.

அப்பா யோசித்துவிட்டுச் சொன்னார்: "அவர் தாக் சொல்லட்டும். அப்புறம் நான் இருபது எண்ணிட்டு விடறேன். உன் புஸ்தகத்துக்கும் சரி, என் வங்காளத்துக்கும் சரி."

உஸ்தாதும் ஒப்புக்கொண்டார். அன்று முதல் அவர் சொன்ன பிறகு அப்பா தமிழில் இருபது எண்ணுவார். பத்தே நாளில் உஸ்தாதும் பதினெட்டு, பத்தொன்பது என்று கூடவே எண்ணத் தொடங்கினார்.

தவணை முடிந்த நாள் நான் விடுமுறை கேட்டுக்கொண்டு வீட்டில் இருந்தேன். மாலையில் அப்பா வழக்கம்போல் வந்தார், செருப்பைக் கழற்றினார், கால் அலம்பினார். அம்மா பொறுக்க முடியாமல், "சொல்லுங்கோளேன்" என்றார்.

"துரை மேல் விளிம்பிலே ஒரு கோடு போடச் சொன்னார், போட்டேன். இன்னொண்ணு போடச் சொன்னார். அதையும் போட்டேன். மூணாவது அவர் சொல்லலே. நானாப் போட்டேன்."

அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அந்த ஆபீஸில் அப்பா தலை நிமிர்ந்து வேலை பார்த்தார். கழுத்து வலி, தோள் வலி என்று வந்த சக ஊழியர்களுக்கு டிபன் வேளையில் பல்லியைச் சொல்லிக் கொடுத்தார். நான் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் பெற்றேன். இன்று அதே ஆஸ்பத்திரியில் பெண்களுக்கு அங்கப் பயிற்சி கற்றுத் தருகிறேன். சென்ற மார்கழியில் வந்த நுரையீரல் காய்ச்சல் பதினோராம் நாள் அப்பாவைக் கொண்டுபோயிற்று. கடைசி வரை தன் கையாலேயே தண்ணீர் எடுத்துக் குடித்தார்.

அந்த நாட்களில் வீடு தேடி வந்த டாக்டருக்கும், சமையலைக் கவனித்துக்கொண்ட மாசிமாவுக்கும், காரியங்களை முன்னின்று நடத்திய ஆபீஸ் நண்பர்களுக்கும், பதின்மூன்று நாளும் தவறாமல் வந்து வாசலில் அமர்ந்திருந்த உஸ்தாதுக்கும், தொலைவிலிருந்து வந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஒரு விண்ணப்பம். ஞாயிறு காலைகளில் நான் வீட்டில் இருப்பேன். முதுகு, தோள், முழங்கால் வலியோடு இருக்கும் பெண்கள் தயங்காமல் வரலாம். ஆண்களைப் பார்க்க உஸ்தாத் இசைந்திருக்கிறார். கல்யாணத்துக்கு எங்களை அழைக்காத வீடுகளிலிருந்தும் வாருங்கள். அப்பா வலியைப் பொறுத்துக்கொண்டு எனக்குக் காப்பாற்றித் தந்த படிப்பு இது. அதை உங்கள் எல்லோருக்கும் பயன்படுத்தவே எனக்கு விருப்பம்.