ஊறுகாய் பாட்டிலில் அறுபது சென்ட்

என் சமையலறை ஜன்னலில் ஒரு ஊறுகாய் பாட்டில் இருக்கிறது. உள்ளே ஊறுகாய் இல்லை. நான்கு விரல் உயரத்துக்கு மண், அதன் மேல் தண்ணீர். வீட்டு வேலைக்கு வருகிற பெண் இரண்டு தடவை அதைக் கொட்டிக் கழுவப் போனாள். இரண்டு தடவையும் நான் கத்திய கத்தலில் இப்போதெல்லாம் அந்த ஜன்னல் பக்கமே துணியைக் கொண்டுபோவதில்லை. காலையில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு அந்தப் பாட்டிலை ஒரு குலுக்கு குலுக்குவேன். செம்மண் கரைத்த மாதிரி கலங்கும். காபி குடித்து, பேப்பரைப் புரட்டி முடிப்பதற்குள் மண் அடியில் உட்கார்ந்து தண்ணீர் தெளிந்துவிடும். அது அக்காவின் மண். பட்டா யார் பேரில் இருந்தால் என்ன, அது அக்காவின் மண்தான்.

எண்பதுகளின் நடுவில் ஆவடிப் பக்கம் ஒரு விவசாய அலுவலகத்தில் கள உதவியாளராக எனக்கு வேலை கிடைத்தது. ஊர் ஊராகப் போய் மண் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், முடிவு வந்ததும் உரியவர்களிடம் போய்ச் சொல்ல வேண்டும். வெள்ளானூரில் சர்க்கார் வேலையாக எந்தப் பெண் வந்தாலும் அவள் டீச்சர்தான். ஊசி போட வந்தவளும் டீச்சர், கணக்கெடுக்க வந்தவளும் டீச்சர், நானும் டீச்சர். என்னை அப்படிக் கூப்பிட்டவர்களில் ஒருத்தி எனக்குப் பத்து வயது மூத்தவள்; நான் அவளை அக்கா என்றேன். பரம்பரையாகக் கூலிக்கு நடவு நட்ட குடும்பம். அவள் வீட்டுக்காரர் அதிலிருந்து தப்பித்து அம்பத்தூர் எஸ்டேட்டில் வெல்டராகிவிட்டார். அவளையும் அங்கே ஒரு கேன்டீனில் சேர்த்துவிட எல்லாம் பேசி வைத்திருந்தார். அக்கா மாட்டேன் என்றாள். இத்தனை வருஷம் அடுத்தவன் நிலத்தில் குனிந்தாயிற்று, ஒரு தடவையாவது தனக்கென்று குனிய வேண்டும் என்பது அவள் பிடிவாதம். யாரும் சீந்தாத அறுபது சென்ட் களர் நிலத்தை வாய்ப்பேச்சாகக் குத்தகைக்குப் பிடித்தாள். உப்புப் பூத்து, காய்ந்தால் பாறை, நனைந்தால் சோப்பு. அதில் அருகம்புல்கூட யோசித்துத்தான் முளைக்கும். "எங்கூட்டுக்காரு மூணு வருசம் டைம் குத்துகீறாரு டீச்சர். அதுக்குள்ள வெளையலன்னா நானு கேன்டீன்ல தட்டு கழுவணும்," என்று முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டாள்.

பரிசோதனை முடிவை வைத்துக்கொண்டு நான் பாடம் ஒப்பித்தேன். ஜிப்சம் என்கிற வெள்ளைப் பொடியைப் போட வேண்டும், வரப்பு உயர்த்தித் தண்ணீர் கட்டி வடிக்க வேண்டும், பிறகு தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும்போது உரமாக மடக்கி உழ வேண்டும். கூடவே பாட்டில் வித்தையையும் சொல்லிக்கொடுத்தேன். மண்ணைத் தண்ணீரில் போட்டுக் குலுக்கி வை, களர் மண்ணென்றால் நாள் கணக்கில் கலங்கியே நிற்கும், மண் திருந்தத் திருந்தச் சீக்கிரம் தெளியும். அக்கா அன்றைக்கே ஊறுகாய் பாட்டிலைக் காலி செய்து மண்ணைப் போட்டுவிட்டாள். பதினைந்து நாள் கழித்துப் போனபோதும் பாட்டிலில் தண்ணீர் டீ நிறத்தில் நின்றது. "இத தெளிய வெச்சிட்டுதான் மறுவேல," என்றாள்.

இனி என் லட்சணத்தைச் சொல்கிறேன். அவள் வீட்டுக்காரர் வேலை செய்த பட்டறைக்குப் பக்கத்தில் வெல்டிங்குக்கு கேஸ் எடுக்கிற இடம் ஒன்று இருந்தது. கார்பைடைத் தண்ணீரில் கரைத்து கேஸ் எடுத்த பிறகு மிஞ்சுகிற வெள்ளைச் சேற்றை வெளியே மலையாகக் கொட்டியிருப்பார்கள். அதைக் காயவைத்து, ஓசியில் கிடைக்கிறதே என்று மூட்டை மூட்டையாக சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். வெல்டர் வீட்டில் வேறு எங்கே வெள்ளைப் பொடி தேடுவார்கள்? ஆனால் அக்கா கண்ணை மூடிக்கொண்டு கொட்டவில்லை. ஒரு கை நிறைய அள்ளி என்னிடம் கொண்டுவந்து நீட்டி, "இதானா டீச்சர் நீ சொன்னது?" என்று கேட்டாள். தூரத்தில் என் பஸ் வருவது தெரிந்தது. அதை விட்டால் அடுத்ததற்கு ஒரு மணி நேரம். நான் பொடியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் "அதேதான் அக்கா, போடுங்க," என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

அது அதே இல்லை. சுண்ணாம்பு. உப்பும் காரமும் தாங்காமல் கிடந்த மண்ணுக்கு மேலும் காரம். அந்த வருஷம் விதைத்தது விரல் நீளம் வந்து, நுனி கருகி, படுத்துவிட்டது. நிலம் முன்பைவிட இறுகிப் போனது. மிஞ்சிய பொடியை அலுவலகத்துக்கு எடுத்துப்போய் அதன் மேல் ஒரு சொட்டு அமிலம் விட்டபோது புஸ்ஸென்று நுரைத்தது. ஜிப்சம் நுரைக்காது. மறுநாள் வெள்ளானூருக்குப் போய், வரப்பில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அக்கா களைக்கொட்டைக் கீழே வைத்தாள். பிறகு முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "இன்னாத்துக்கு இப்ப அழுவுற? ஒரு வருசம் பூட்ச்சி, அவ்ளோதானே. இன்னும் ரெண்டு கீது. அவர் கைல நீ ஒண்ணும் சொல்லிக்காத. நா சொல்லிக்கிறேன்," என்றாள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்போது அப்பாடா என்றிருந்தது. அவரிடம் என்ன சொல்லப் போகிறாள் என்று நான் கேட்கவே இல்லை.

ஜிப்சத்துக்காக இரண்டு ஆட்டை விற்றாள். நான் பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. "காசு வாணாம். லீவு நாள்ல வந்து கூடை தூக்கு," என்றாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்து, அங்கே கட்டிப்போன புடவையோடு நேராக வெள்ளானூர் போய், அவளுடைய பழைய புடவையை மாற்றிக்கொண்டு ஜிப்சம் இறைத்தேன். அடுத்த மாதங்களில் தக்கைப்பூண்டு இடுப்பு உயரத்துக்கு வந்து மஞ்சளாகப் பூத்தது. அதை அப்படியே மடக்கி உழுதபோது ஊரே வேடிக்கை பார்த்தது. சோற்றுக்கு ஆகாததை வளர்த்து அதையும் சேற்றில் மிதிக்கிறாள் என்று சிரித்தார்கள். சிரித்தவர்கள் மேல் எனக்கு வந்த கோபத்தில் கால்வாசிகூட அக்காவுக்கு வரவில்லை. அந்த வருஷமும் வீட்டுக்கு ஒரு படி நெல் வரவில்லை. வீட்டுக்காரர் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது, மகளின் பள்ளிக்கூடமும் நடந்தது. மண்ணைத் திருத்துவது நல்லது என்று நாங்கள் எழுதிய துண்டுப் பிரசுரங்களில், அது திருந்துகிற வரைக்கும் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும் என்று ஒரு வரிகூட இருந்ததில்லை.

மூன்றாம் வருஷம் பாட்டில் ஒரே பகலில் தெளிந்தது. ஓரமாகப் போட்ட அரைக்கீரை கொழுகொழுவென்று வந்தது. எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகைக்கு அவரவர் விளைச்சலைக் கொண்டுவந்து வைப்போம், பிறகு ஏலம் விடுவார்கள். இதை எப்போதோ பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். அக்கா மறக்கவில்லை. "உங்க சாமிக்கும் ஒரு கட்டு வெச்சிடு டீச்சர். ஞாயித்துக்கெயம தோறும் சாமி வேலைய வுட்டுட்டு இங்க வந்து கெடந்தியே," என்று முதல் கட்டுக் கீரையை என் கையில் கொடுத்தாள். சபையில் எனக்கெதிராக ஒரு பெரியவர் விடாமல் ஏலம் கேட்டார். விடுவேனா? அன்றைக்கு ஆவடியிலேயே விலை உயர்ந்த கீரையை நான்தான் கடைந்து சாப்பிட்டேன்.

நெல்லும் விளைந்தது. மூன்று வருஷம் அக்கா தன் நெல்லைத் தானே அறுத்தாள். கேன்டீன் பேச்சை அவள் வீட்டுக்காரர் எடுக்கவே இல்லை. அதற்குப் பிறகு நிலத்துக்காரர் வந்து பார்த்தார். சுற்றிலும் வெளுத்துக் கிடந்த களருக்கு நடுவில் இந்த அறுபது சென்ட் மட்டும் பச்சையாக இருந்தது. மனை வாங்க வருகிறவர்களுக்கும் அதுதான் கண்ணில் பட்டது. களரில் வீடு கட்டினால் சுவரில் உப்பேறும், இங்கே தென்னங்கன்று வைத்தால் வரும் என்று சொல்லியே விற்றார்கள். வாய்ப்பேச்சுக் குத்தகைக்கு என்ன பலம்? அந்தப் பக்கத்திலேயே முதலில் விலைபோனது அக்கா திருத்திய மண்தான். மஞ்சள் பெயின்ட் அடித்த மனைக்கல் நட்ட அன்று நான் போனேன். அக்கா சண்டை போடவில்லை. குனிந்து இரண்டு கை மண் அள்ளி அந்தப் பாட்டிலில் போட்டு என்னிடம் கொடுத்தாள். "எங்கூட்ல இருந்தா நெதம் பாத்து அழுவேன். நீ வெச்சிக்க." அடுத்த மாதமே எஸ்டேட் கேன்டீனில் சேர்ந்துவிட்டாள். அவளுக்கு வாய்த்தது மூன்று அறுவடை. நான் அந்த பஸ்ஸை விட்டிருந்தால் நான்கு. பல வருஷம் இந்தக் கணக்கு என்னைத் தூங்கவிடவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், மகள் கல்யாணப் பத்திரிகையோடு இரண்டு பேரும் சேக்காட்டில் என் வீட்டுக்கு வந்தார்கள். காபி கொடுத்தேன். ஜன்னலில் இருந்த பாட்டிலை அவர் பார்த்துவிட்டார். "இவ ஒரு அவசரக்குடுக்க டீச்சர். அன்னிக்கி அந்த வெள்ளப் பொடிய உங்க கைல ஒரு வார்த்த கேட்டுட்டு கொட்டியிருந்தா ஒரு வருசம் மிச்சம். கேக்காம கொட்டிட்டேன்னு அவளே ஒத்துகினா. அந்த வருசம் பூரா நானும் திட்டாத திட்டு இல்ல," என்றார் சிரித்துக்கொண்டே.

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அந்த ஒரு வருஷம் முழுக்க அவள் வாங்கியது எனக்கு விழ வேண்டிய திட்டு.

"அண்ணா, அக்கா கேட்டாங்க. கையில அள்ளிட்டு வந்து காட்டினாங்க. நான்தான் பாக்காமலே போடச் சொன்னேன்."

அவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அக்காவின் பக்கம் திரும்பினார். "இன்னா இது? அத்தினி திட்டு திட்டுனேனே. ஒரு நாளாவது சொன்னியா?"

"சின்னப் பொண்ணு, புதுசா வேலைக்கு வந்துச்சி. நீ கோவத்துல ஆபீஸ்ல போயி நின்னின்னா இன்னாய்யா ஆவறது? எனுக்கு திட்டு புதுசா?" என்றாள் அக்கா.

அவர் எழுந்து போய் ஜன்னலில் இருந்த பாட்டிலை எடுத்தார். வெல்டிங் பொறி பட்டுப் புள்ளி புள்ளியாகத் தழும்பேறிய கைகளால் அதை ஒரு தடவை குலுக்கி, எங்களுக்கு நடுவில் மேசைமேல் வைத்தார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அக்கா சொன்னாள். "இருடி, போலாம்," என்றார். தண்ணீர் தெளிகிற வரைக்கும் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம்.