இரண்டு விரல் தாராளம்

என் அக்காவின் கணவருக்கு, மற்றவர்கள் உட்கார இடம் செய்து கொடுப்பதுதான் தொழில். சோபா, பஸ் சீட், தியேட்டர் நாற்காலி, பல் டாக்டரின் சாய்வு நாற்காலி எதுவானாலும் பிரித்துப் போட்டு, உள்ளே இருக்கும் பஞ்சை மாற்றி, மேலே ரெக்சினை இழுத்துக் கட்டித் தருவார். கடைக்கு ஒரு பெயர்ப்பலகை உண்டு. அதை யாரும் படித்ததில்லை. "குண்டு சோபாக்காரர் கடை" என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். அத்தான் குண்டுதான். அதுவும் லேசுப்பட்ட குண்டு இல்லை. அவர் ஏறினால் ஆட்டோ டிரைவர் ஒரு தடவை இறங்கி டயரைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்.

இதற்கெல்லாம் அத்தான் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. மற்றவர்கள் வாயைத் திறப்பதற்குள் தானே முந்திக்கொள்வார். "ஊர் வாய மூட உலைமூடி கிடையாது மாப்ள. அதனால அவங்க சிரிக்கிறதுக்கு முன்னாடி நாமளே சிரிச்சுடணும்" என்பது அவர் கொள்கை. விசேஷ வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டால், அதைத் தட்டிக் கொடுத்து, "தப்பா நெனச்சுக்காத தாயி" என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு உட்காருவார். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். அத்தான் இல்லாத விசேஷம் உப்பில்லாத பண்டம் என்று என் அக்காவே சொல்வாள்.

அவருக்கு உடன்பிறந்தது ஒரே ஒரு அக்கா. எங்கள் எல்லோருக்கும் அவர் பெரியக்கா. அவருக்கும் அதே உடல்வாகு, தம்பியை விட ஒரு சுற்று கூட. சின்ன வயதில் தெருப்பிள்ளைகள் இவர்களைப் பெரிய மூட்டை, சின்ன மூட்டை என்று கூப்பிடுவார்களாம். தம்பி உடனே அக்காவின் இடுப்பைப் பிடித்து, தூக்க முடியாமல் தள்ளாடுகிற கூலியாள் மாதிரி நடித்துக் காட்டுவாராம். தெருவே சிரிக்குமாம். அக்கா வீட்டுக்குள் போய்விடுவாராம். அத்தான் இந்தக் கதையை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். கடைசி வாக்கியத்தை மட்டும் எப்போதும் அவசரமாகச் சொல்லி முடிப்பார்.

பெரியக்கா கல்யாணமாகி வெளிநாடு போனார். அங்கே ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. போன புதிதில் இரண்டொரு முறை வந்தார். அப்போது உடம்பு இவ்வளவு போடவில்லை. அப்புறம் வருவது நின்றுவிட்டது. லீவு இல்லை, முழங்கால் வலி, மகளுக்குப் பரீட்சை என்று வருஷத்துக்கு ஒரு காரணம் வரும். அவர் கணவர் இறந்த பிறகு காரணம் சொல்வதும் குறைந்தது.

பிறகு அவர்களுடைய அம்மா இறந்தார். "கெளம்பிட்டேன்டா, நான் வர்ற வரைக்கும் அம்மாவ வச்சிரு" என்று பெரியக்கா போனில் அழுதார். அத்தானும் வைத்திருந்தார். வாசலில் கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் அந்தப் பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய் நின்றார். மறுநாள் இருட்டும் வரை பார்த்தோம். ஆளும் வரவில்லை, போனும் எடுக்கவில்லை. எல்லாம் முடிந்தபிறகு அவரே கூப்பிட்டு, டிக்கெட் கிடைக்கவில்லை என்றார்.

"கெளம்பிட்டேன்னு சொன்னதும் இதே வாய்தானே?" என்றார் அத்தான். "உனக்கு வர மனசில்ல. அதச் சொல்லிட்டுப் போ."

"சரி, மனசில்லன்னே வச்சுக்கோ" என்று பெரியக்கா போனை வைத்துவிட்டார். அதோடு பேச்சு நின்றது. எடைக்கு எடை என்பார்களே, பிடிவாதத்திலும் இரண்டு பேருக்கும் அப்படித்தான். எந்தப் பக்கமும் தட்டு இறங்கவில்லை. வருஷங்கள் ஓடின.

போன வருஷம் பெரியக்காவின் மகள் கூப்பிட்டாள். வயிற்றில் கட்டி, முற்றிவிட்டது, இனி மருந்து வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள் என்றாள். "உங்களப் பாக்கணும்னு அம்மா வாயத் தொறந்து கேக்கல மாமா. ஆனா தெனமும் உங்க கதையத்தான் சொல்லிக்கிட்டிருக்காங்க."

அத்தான் அன்றைக்கே போவதென்று முடிவு செய்துவிட்டார். ஆனால் விமானத்தில் ஏறியதே இல்லை. அந்த சீட்டைப் பற்றி யார் யாரோ சொன்ன கதைகள் மட்டும் காதில் விழுந்திருந்தன. பெரியக்காவின் மகளிடம் கேட்டு சீட்டின் அகலத்தைத் தெரிந்துகொண்டு, கடையில் வந்த வேலையை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, தானே ஒரு விமான சீட் செய்துவிட்டார். பலகை, பஞ்சு, இரண்டு பக்கமும் கைப்பிடி, முன்னால் அடுத்த சீட்டின் முதுகுக்காக ஒரு தகரம். அதில் காலையும் மாலையும் உட்கார்ந்து பேப்பர் படித்தார். கொஞ்சம் நெருக்கம்தான், ஆனால் உடம்பு உள்ளே போனது. வந்தவர்களிடம் எல்லாம், "விமானம் கெளம்பப் போகுது, எறங்குறவங்க எறங்குங்க" என்று அறிவித்தார். தெருவே வந்து வேடிக்கை பார்த்தது.

என் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கூடப் போய்விட்டு வரச் சொன்னாள். "நீ ஒல்லிக்குச்சி. உனக்குப் பாதி சீட்டே எதேஷ்டம். மீதிய அவருக்கு விட்டுக் குடு." நான் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவன். என் உடம்புக்கு இப்படி ஒரு உபயோகம் வரும் என்று நினைத்ததே இல்லை. விஷயத்தைக் கேட்ட அத்தான், "இடத்தக் குடுத்தா மடத்தப் புடுங்குற ஆளு நான், யோசிச்சுக்கோ" என்றார்.

விமானத்தின் வாசலைத் தாண்டும்வரை அவர் வாய் ஓயவில்லை. நடுவில் இருக்கும் ஒற்றைவழிப் பாதையில் பக்கவாட்டில்தான் நகர முடிந்தது. ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவர்கள் அவர் வருவதைப் பார்த்தார்கள். ஒவ்வொரு முகத்திலும் ஒரே வேண்டுதல், இந்த ஆள் நம் பக்கத்தில் உட்காரக்கூடாது என்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்களும் என்ன செய்வார்கள், அவர்களுக்கும் கிடைத்தது ஒரு முழ இடம்தான். அதைச் செய்து விற்றவன் மேல் வர வேண்டிய கோபம் பக்கத்தில் உட்காருகிறவன் மேல் வருகிறது.

எங்கள் வரிசையில் ஜன்னலோரம் ஒருவர், நடுவில் நான், ஓரத்தில் அத்தான். அவர் உட்காரப் பார்த்தார். கைப்பிடிகள் இடுப்பைக் கவ்விப் பிடித்தன. பாதி உடம்பு அந்தரத்தில் நின்றது. எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த கைப்பிடியை நான் தூக்கிவிட்டு ஜன்னலோரக்காரர் மேல் சாய்ந்துகொண்ட பிறகுதான் முழுதாக உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் விரலால் சீட்டின் அகலத்தை அளந்தார். முகம் மாறிவிட்டது.

"தப்புப் பண்ணிட்டேன் மாப்ள. தாராளம் வச்சுத் தச்சிருக்கேன்."

அது அவர்கள் தொழிலில் ஒரு பழக்கம். உட்கார்ந்தால் மனித உடம்பு விரியும். அதனால் யார் என்ன அளவு சொன்னாலும் பக்கத்துக்கு இரண்டு விரல் கூட வைத்துத்தான் வெட்டுவார்கள். அதற்குத்தான் தாராளம் என்று பெயர். அத்தானுக்கு அது புத்தியில் இல்லை, கையில் இருக்கிறது. தன்னைச் சோதித்துப் பார்க்கச் செய்த சீட்டிலும் கை தன் பாட்டுக்கு அதைச் சேர்த்துவிட்டது.

பெல்ட்டும் சேரவில்லை. இரண்டு முனைகளையும் சட்டைக்குக் கீழே மறைத்து, மேலே கையைக் கட்டிக்கொண்டார். விமானப் பணிப்பெண் ஒவ்வொருவராகச் சரிபார்த்துக்கொண்டு வந்தவள், குனிந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள். திரும்பி வரும்போது, கூடுதலாக மாட்டுகிற பெல்ட் துண்டு ஒன்றைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தக் கோடியிலிருந்து நடந்து வந்தாள். அவளுக்கு அது அன்றாட வேலை, கெட்ட எண்ணம் இருந்திருக்காது. ஆனால் எல்லாத் தலைகளும் பெல்ட்டைப் பார்த்தன, பிறகு அது யாருக்கு என்று பார்த்தன. பின்னால் யாரோ, "ரெண்டு டிக்கெட் போட்டிருக்கணும்" என்றார். சிலர் சிரித்தார்கள்.

அத்தான் பதிலுக்கு ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. பெல்ட்டைக்கூட அவர் பார்க்கவில்லை. நான்தான் மாட்டிவிட்டேன்.

பயணம் முழுக்க அவர் தண்ணீர் குடிக்கவில்லை. அந்தக் குறுகலான கழிவறைக் கதவை ஏறும்போதே பார்த்து வைத்திருந்தார். சாப்பாட்டுத் தட்டு வைக்கும் பலகை வயிற்றில் இடித்து இறங்காததால், பசி இல்லை என்றார். தள்ளுவண்டி போகும்போதும் வரும்போதும் அவர் முழங்கையில் மோதியது. அவர்தான் ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்டார். வெகு நேரம் கழித்து, முன்சீட்டின் முதுகைப் பார்த்தபடியே சொன்னார்.

"அக்கா என்ன விட ஒரு சுத்து பெருசு மாப்ள."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

பெரியக்காவின் வீட்டில், முன்னறையில் பழைய மூன்றுபேர் சோபா ஒன்று கிடந்தது. அதன் நடுவில் ஒரு ஆழமான பள்ளம். பல வருஷமாக ஒரே ஆள் உட்கார்ந்து அமுங்கிய பள்ளம் என்று எனக்கே தெரிந்தது. அதற்குள் ஒரு மூலையில், தலையணைகளுக்கு நடுவே ஒரு சின்ன உருவம் சாய்ந்திருந்தது. நோய் எல்லாவற்றையும் தின்றுவிட்டு, கண்களை மட்டும் விட்டு வைத்திருந்தது. அத்தான் கதவருகேயே நின்றுவிட்டார். அவர் முதலில் பார்த்தது அக்காவையா, அந்தப் பள்ளத்தையா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பள்ளத்தில் இப்போது இரண்டு பெரியக்கா உட்காரலாம்.

"என்னடா அப்படிப் பாக்குற?" என்றார் பெரியக்கா. "இப்ப என்னை பிளேன்ல ஏத்து. ஜம்முனு உக்காந்துட்டு வருவேன்."

அத்தான் சிரிக்கவில்லை. கீழே உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டார். மெதுவாகத்தான் பேச்சு வந்தது. அம்மா இறந்தபோது என்ன நடந்தது என்று கேட்டார். பெரியக்கா கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"வந்தேன்டா. ஏறிக்கூட உக்காந்துட்டேன். பெல்ட்டு சேரல. பக்கத்துல இருந்தவரு எந்திரிச்சு வேற எடம் தேட ஆரம்பிச்சாரு. பின்னால யாரோ என்னமோ சொல்லி சிரிச்சாங்க. பெல்ட்டு பாக்குற பொண்ணு எங்கிட்ட வர்றதுக்குள்ள, ஒடம்புக்கு முடியலன்னு சொல்லி எறங்கிட்டேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லக்கா?"

"சொன்னா அதையும் ஒரு கதையாக்கிடுவ. அம்மா செத்ததுக்கு நான் வராத கதையக் கேட்டு ஊரு சிரிக்கிறத என்னால தாங்கியிருக்க முடியாதுடா."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் தம்பியின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார். அத்தான் அந்தக் காலை விடவே இல்லை.

மறுநாள் கடைக்குப் போய்ப் பஞ்சும் ஊசியும் வாங்கி வந்து, அந்த சோபாவைப் பிரித்தார். பள்ளத்தை நிரப்பி, இரண்டு பக்கமும் மெத்தை வைத்து, பெரியக்காவின் இப்போதைய உடம்பு சரியாமல் இருக்கும் அளவுக்கு ஒரு இடம் செய்தார். தன் வாழ்நாளில் தாராளம் வைக்காமல் அவர் தைத்தது அது ஒன்றுதான். பெரியக்கா அதில் சில நாட்கள் உட்கார்ந்தார். நாங்கள் அங்கே இருக்கும்போதே ஒரு காலையில் போய்விட்டார்.

திரும்பி வரும்போது விமானத்தின் வாசலிலேயே அத்தான் நின்றுவிட்டார். பின்னால் வரிசை முழுக்க ஆட்கள். வாசலில் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்த பணிப்பெண்ணிடம், எல்லோருக்கும் கேட்கும்படி, "என் ஒடம்புக்கு உங்க பெல்ட்டு பத்தாதும்மா. கூடுதல் துண்டு ஒண்ணு குடுங்க" என்றார். அவள் பக்கத்துப் பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்துச் சுருட்டி அவர் கையில் வைத்தாள். அவ்வளவுதான். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சீட்டில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்த பிறகு, அத்தான் அதை மடியில் விரித்து முதல் தடவையாக நன்றாகப் பார்த்தார். முனையிலிருந்து முனை வரை முழம் போட்டார். ஒரு முழத்துக்குச் சற்றே கூட.

"இவ்வளவுதானா மாப்ள?" என்றார்.

பெல்ட் மட்டும் இல்லை அத்தான், அந்த சீட்டு, பக்கத்தில் எழுந்தவன், பின்னால் சிரித்தவன் எல்லாம் சேர்ந்துதான் பெரியக்காவை இறக்கிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் அழ ஆரம்பித்துவிட்டார். அந்தப் பெரிய உடம்பு குலுங்கியதில் எங்கள் வரிசை முழுவதும் ஆடியது.

"கேட்டிருந்தா அவளுக்கும் குடுத்திருப்பாங்கடா. கேக்க வாய் வராம பண்ணது நான்தான்."