மகளின் கதையில் ஒடிந்த குதிரைக்கால்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். சாமி காரியம், அதில் சிரிப்பு கலந்திருக்கிறது. மைத்துனர் மனம் நோகுமே என்றும் இருந்தது. இப்போது அவரே எழுதச் சொல்லிவிட்டார்.

என் மகள் சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்து பிழைத்தாள். அதற்கு நேர்ந்துகொண்டபடி, ஊரில் புரவி எடுக்கும்போதெல்லாம் குதிரை செய்யும் வேளார் வீட்டிலிருந்து அய்யனார் கோவில் வரை ஒரு மண்குதிரையை நானே சுமப்பேன். வேறு ஆள் சுமந்தால் நேர்த்திக்கடன் சேராது.

அந்த மகள் ராமநாதபுரத்தில் படித்தபோது கல்லூரி மலரில் சிறுகதை எழுதினாள். அதில் ஓர் அப்பா புரவியை இறக்கும்போது அதன் கால் ஒடிகிறது. அவர் அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு தன் முழங்காலைத் தடவிப் பார்க்கிறார். மனுச உடம்பும் மண்தான் என்பதற்கு அது குறியீடு என்று விளக்கினாள். உத்தரகோசமங்கையில் சாமி முன்னால் நிற்கிற மாதிரி இருந்தது எனக்கு. கண் கலங்கிவிட்டேன்.

மைத்துனர் அந்தக் கதைப் பக்கத்தைப் படம் பிடித்துச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப்பில் போட்டார். எனக்குத்தான் முழங்கால் போய்விட்டது என்று நம்பி, மறுநாளே சிக்கல் ஊரிலிருந்து ரொட்டிப் பாக்கெட்டுகளோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். என் வீட்டிலேயே எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்கள். ஒரு சித்தப்பா என் முழங்காலை அமுக்கிப் பார்த்து, "இன்னும் வெளிய தெரியல" என்றார். அது கதை என்று மகள் சொல்லச் சொல்ல, அப்பனை விட்டுக்கொடுக்காத பிள்ளை என்று அவளை மெச்சினார்கள்.

புரவி எடுக்கும் அன்று மைத்துனர் குதிரையை மறித்து நின்றார்.

"மாப்ள, நீங்க சும்மா கூட வாங்க. நான் தூக்குறேன்."

"எனக்கு ஒண்ணும் இல்ல மச்சான்."

"ஒண்ணும் இல்லாமயா புள்ள எழுதும்?"

மகள்தான் நடுவில் வந்தாள். "எனக்காக நேந்தது மாமா. அய்யாவே தூக்கட்டும்."

தூக்கினேன். நான் விழுந்தால் பிடிக்க அவர் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு கூடவே வந்தார். கண்ணெல்லாம் என் முழங்காலில், பாதையைப் பார்க்கவில்லை. கோவிலுக்குக் கொஞ்சம் முன்னால் கல் தடுக்கி விழுந்தார். நான் குதிரையைக் கோவிலில் முழுசாக இறக்கிவைத்துக் கும்பிட்டுவிட்டு ஓடிவந்து அவரைத் தூக்கினேன். கணுக்கால் வீங்கிவிட்டது. வலியிலும் மகளைப் பார்த்து, "ஆத்தா, இத எழுதிப்புடாத" என்றார். ரொட்டிப் பாக்கெட்டுகள் அவர் வீட்டுக்குப் போயின.

நாளாக ஆக, நான் விழுந்து குதிரைக்கால் ஒடிந்ததாகப் பேச்சு மாறிவிட்டது. நேர்த்திக்கடன் சேரவில்லை என்று ஒருத்தி என் மகளிடமே சொன்னாளாம். அதைக் கேட்டுத்தான் மைத்துனர், "உள்ளத எழுதிருங்க மாப்ள, நான் விழுந்தேன்னே எழுதுங்க" என்றார். படித்தவர்கள் யாரிடமாவது சொன்னால், யார் காலையும் மாற்றாமல் இப்படியே சொல்லுங்கள்.