புளித்துப்போன தொட்டி

லோதி ரோட்டில் ஓர் அரசாங்க அலுவலக கேன்டீனுக்குப் பின்னால் எரிவாயுத் தொட்டி இருக்கிறது. மிச்சச் சோறும் காய்கறித் தோலும் உள்ளே போனால் அடுப்புக்கு வாயு வரும். எட்டாவதோடு படிப்பை விட்டு, சூரத், லூதியானா என்று சுற்றி அலுத்தபின் அந்தத் தொட்டிக்கு ஆளாகச் சேர்ந்தேன். வேலையோடு ஓர் அறையும் கொடுத்தார்கள். அதற்காகத்தான் சேர்ந்தேன்.

நாட்டில் உயிரி எரிசக்தி வளர்வதைக் காட்டும் படம் கேன்டீன் சுவரில் தொங்கியது. அம்புக்குறி மேலே போகும். இங்கே சரிப்பட்டால் மற்ற அலுவலகங்களிலும் தொட்டி கட்டுவார்களாம். சரிப்படாவிட்டால் எனக்கு அறை கிடையாது.

ஜூன் வெயிலில் இரண்டு டிரம் இட்லி மாவு பொங்கிப் புளித்துவிட்டது. கேன்டீன் மாஸ்டர் திருநெல்வேலிக்காரர். "ஏல, இத எவனும் வாயில வைக்க மாட்டான். உன் தொட்டிக்காவது ஊத்து," என்றார்.

டெல்லிக் குளிரில் மாவு சீக்கிரம் புளிக்கப் பழைய மாவு ஒரு கரண்டி கலப்போம். தொட்டிக்கும் அதே கணக்கு என்று நினைத்து இரண்டு டிரம்மையும் ஊற்றினேன். மறுநாள் தொட்டி மூடி நன்றாக உப்பியது. நாலாம் நாள் அடுப்பு பற்றியவுடன் அணைந்தது.

இன்ஜினியர் வந்தார். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தொட்டிக் குழம்பில் ஒரு காகிதத் துண்டை நனைத்து நிறம் பார்த்தார்.

"ரொம்ப ஆசிட். என்ன போட்டீங்க அண்ணா? சச் சொல்லுங்க, உண்மைய."

அவருக்குப் பின்னால் நின்ற மாஸ்டர் சொல்லாதே என்று தலையாட்டினார். சொன்னேன்.

"தொட்டி வயிறு மாதிரி அண்ணா. ரெண்டு டிரம் புளிச்ச மாவ நீங்க குடிப்பீங்களா?"

"இவன் குடிப்பான் மேடம்," என்றார் மாஸ்டர்.

இன்ஜினியர் சிரிக்கவில்லை. "பதினஞ்சு நாள் சோறு, தோல் எதுவும் வேணாம். சுண்ணாம்பும் சாணியும் மட்டும். அப்பவும் எரியலேன்னா தொட்டிய மூடிடுவாங்க. அப்புறம் என் கையில இல்ல."

அன்றே பையைக் கட்டி வைத்தேன். கட்டிப் பழகிய பை. தினமும் காலையில் சைக்கிளில் மாட்டுக்கொட்டகைக்குப் போய் இரண்டு வாளி சாணம் கொண்டுவந்து கரைத்தேன். நடுவில் அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். சிலிண்டர் அடுப்பில் போட்ட டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

பன்னிரண்டாம் நாள் சுடர் வந்து போனது. பதினைந்தாம் நாள் நீலமாக நின்றது. மாஸ்டர் தோசைக்கல்லை ஏற்றினார். "ஏல, பொழச்சிட்ட," என்றார்.

அறைக்குப் போய்ப் பையை அவிழ்த்தேன். சட்டையெல்லாம் சாண வாடை. கொடியில் போட்டுவிட்டு அடுத்த வாளிக்குக் கிளம்பினேன்.